பன்னிரண்டாம் வகுப்பிலேயே கையில் சாக்பீஸைக் கொடுக்கலாமா?

சுண்ணக்கட்டி:
ஆசிரியராக விரும்பும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சில பள்ளிகள் முன்பயிற்சி தருகின்றன. கீழ்வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பது, பிறகு ஒரு பாடம் எடுப்பது, அன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது. அந்தக் குறிப்பேடுகளில் அடிக்கடி பார்க்கும் வரிகள் இவை: "முதலில் பதற்றமாக இருந்தது. போகப் போகச் சரியாகிவிட்டது. மாணவர்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள். அரை மணிக்குத் தயார் செய்த பாடம் கால் மணியில் முடிந்துவிட்டது." இந்த வயதில் வகுப்பெடுக்க விடுவதில் பயன் உண்டா, கவனிப்பதோடு நிறுத்த வேண்டுமா? காரணத்தோடு சொல்லுங்கள்.

நாலாம்பீரியட்:
கவனிப்பதோடு நிறுத்த வேண்டும். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு வகுப்பில் இருந்திருப்பார். வேறு தொழில்களுக்கு இப்படியொரு முன்பழக்கம் கிடைப்பது அரிது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பார்த்ததெல்லாம் மாணவர் இருக்கையிலிருந்து. ஆசிரியர் அந்த எடுத்துக்காட்டை ஏன் எடுத்தார், யாரை வேண்டுமென்றே கேட்காமல் விட்டார், எந்த இடத்தில் திட்டத்தை மாற்றினார் என்பதெல்லாம் அங்கிருந்து தெரியாது. அந்த நிலையில் வகுப்புக்கு அனுப்பினால், தனக்குப் பிடித்த ஆசிரியரின் குரலையும் கையசைவையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அது படிந்துவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

கடைசிபெஞ்ச்:
அதே 13,000 மணி நேரத்தை வச்சுத்தான் நான் எதிர்க்கட்சி பேசறேன் சார். அத்தனை மணி நேரம் பார்த்தும் தெரியலைன்னா, இன்னும் இருபது மணி நேரம் பின்வரிசையில உட்கார வச்சா மட்டும் தெரிஞ்சிடுமா? முன்னாடி நின்னாத்தான் எதைக் கவனிக்கணும்னே பிடிபடும். கேள்வி கேட்டுட்டு எத்தனை நொடி காத்திருக்கோம்ங்கறதையே எடுத்துக்கோங்க. மேரி பட் ரோங்கற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பு ஒலிப்பதிவுகளை அளந்து 1970-களில் எழுதினாங்க. ஆசிரியர்கள் சராசரியா ஒரு நொடிதான் காத்திருந்தாங்க. மூணு நொடிக்கு மேல போனதும் பதில்கள் நீளமாச்சு, பதிலே வராத கேள்விகள் குறைஞ்சுது. பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்களுக்கு மூணு நொடி ஒண்ணுமே இல்ல. முன்னாடி நிக்கற பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

அரை மணி கால் மணியான கதையும் அப்படித்தான். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு, தான் பேசற நேரத்தை மட்டும் அளந்திருப்பாங்க. நோட்டு எடுக்க ஒரு நிமிஷம், பலகைக்கு ஒருத்தர் வந்து எழுத மூணு நிமிஷம், தப்பான பதிலைப் பிடிச்சு விசாரிக்க நாலு நிமிஷம், இதெல்லாம் திட்டத்துலயே இருந்திருக்காது. இதைக் கவனிப்பு கத்துத்தராது.

நாலாம்பீரியட்:
கற்றுத்தராது என்று சொல்லாதீர்கள், எப்படிக் கவனிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சும்மா உட்கார்ந்து "ஆசிரியர் அன்பாகப் பேசினார்" என்று எழுதினால் எதுவும் வராது. வகுப்பின் இருக்கைப் படத்தை ஒரு தாளில் கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவரைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பிள்ளை தானாகக் கேட்டால் ஒரு புள்ளி. 15 நிமிடம் போதும். எந்தக் கட்டமெல்லாம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் ஓரத்து வரிசைகள். மறுவாரம் கேள்விகளை மட்டும் சொல் மாறாமல் எழுதட்டும். அதற்கடுத்த வாரம், தவறான பதில் வந்ததும் ஆசிரியர் செய்த அடுத்த காரியம்.

இன்னொன்று. அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அரை மணி நேரம் யாருக்குச் சொந்தம்? பழகுவதற்காக ஒருவர் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால், அதைத் திருத்த வகுப்பாசிரியருக்கு ஒரு வாரம் ஆகும்.

வகுத்தல்மீதி:
தவறாகச் சொல்லிக்கொடுப்பது அடிக்கடி நடப்பதில்லை. சரியாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று தவறாக நம்பிவிடுவதுதான் நடக்கிறது. தசம எண்களையே பாருங்கள். பாடம் முடிந்ததும் பயிற்சி மாணவர் பலகையில் 0.75, 0.6 என்று எழுதி, எது பெரியது என்கிறார். வகுப்பு முழுக்க 0.75 என்கிறது. மகிழ்ச்சியோடு அடுத்ததுக்குப் போய்விடுகிறார். ஆனால் 75 என்பது 6-ஐவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கும் அதே விடைதான் வரும். சரி, 0.6, 0.45 என்று கேட்டால்? அந்தப் பிள்ளை 0.45 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆனால் 'நூறில் ஒன்று சின்னது, அதனால் இரண்டு இலக்கம் வந்தாலே சின்ன எண்' என்று நினைக்கும் இன்னொரு பிள்ளை இதில் சரியாகச் சொல்லித் தப்பித்துவிடும். இரண்டு ஜோடியையும் கேட்டால்தான் இருவரும் பிடிபடுவார்கள்.

இதில் வாசிக்கும் விதமும் சேர்கிறது. 0.45-ஐ "பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து" என்று வாசித்தால் முதல் தவறை நாமே ஊட்டுகிறோம். "பூஜ்யம் புள்ளி நாலு அஞ்சு" என்று வாசிக்க வேண்டும். இந்த அளவுக்குக் கேள்வியைத் தேர்ந்தெடுக்க, பாடத்தை அறிந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்பதும் தெரிய வேண்டும். இந்த இடத்தில் நான் நாலாம்பீரியட் பக்கம்.

கடைசிபெஞ்ச்:
வழுக்கற இடம் பிள்ளை வாயைத் திறந்தாத்தானே தெரியும் மேடம்? அதுக்கு வகுப்பு வேண்டாம், ஒரே ஒரு பிள்ளை போதும். பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும். பென்சிலைப் பிடுங்கிப் போட்டுக் காட்டக் கூடாது, எல்லாரும் அங்கதான் தடுக்கி விழறாங்க. ரெண்டு வாரம் அது. அப்புறம் அஞ்சு பிள்ளைங்க, ஆறு நிமிஷம்.

1963-இல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் கூட இருந்தவங்களும் ஆரம்பிச்ச நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சின்னக் குழுவுக்குச் சின்னப் பாடம் எடுத்துப் பழகற மைக்ரோ டீச்சிங், இதே வழிதான். பயிற்சிப் புத்தகங்கள்ல வர 36 நிமிஷச் சுழற்சியில, கற்பிக்க 6, பின்னூட்டம் 6, திருத்தித் திட்டமிட 12, வேற பிள்ளைங்களுக்கு அதையே மறுபடி எடுக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. ஒரு தடவைக்கு ஒரே திறன். கேள்வி கேட்கறதுன்னா கேள்வி மட்டும்தான். கையெழுத்து, குரல், நடை எல்லாத்தையும் ஒரே நாள்ல விமர்சிச்சா அந்தப் பிள்ளை மறுநாள் வராது.

சிவப்புமை:
குறிப்பேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. என் பார்வையில் அந்த வரிகள் அத்தனையும் வீண். "ஒத்துழைத்தார்கள்" என்றால் என்ன? சத்தம் போடவில்லை என்றுதானே? அன்றே, மறப்பதற்குள், நாலு வரி எழுதினால் போதும்: நான் கேட்ட கேள்வி, சொல் மாறாமல். பிள்ளை சொன்ன பதில், சொல் மாறாமல். அதற்கு நான் செய்தது. அடுத்த முறை செய்யப்போவது. உணர்ச்சிக்கு அதில் இடமே தேவையில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டதை எழுதக் கூசும், நல்லது. அந்தக் கேள்விக்கு வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது" என்றுதான் பாடும். கடைசி மூன்று நிமிடம் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்குக் கொடுத்து வாங்கி, சரி, பாதி, தவறு என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடைசிபெஞ்ச்:
சீட்டு சரி. உணர்ச்சி வேண்டாம்ங்கறதுதான் ஒத்துக்க முடியல. பதற்றம்னா வேகம் கூடும். வேகம் கூடினா மூணு நொடி ஒரு நொடியாகும், முகம் பலகைப் பக்கம் திரும்பிடும், தாளைக் கையில கொடுத்துட்டே என்ன செய்யணும்னு சொல்லுவாங்க, ஒருத்தர் காதுலயும் விழாது. "பதற்றமாக இருந்தது"ங்கற வரியை அடிக்காதீங்க. "அப்போ என்ன செஞ்சே?"ன்னு பக்கத்துல எழுதுங்க.

சிவப்புமை:
ஏற்கிறேன். வரி இருக்கட்டும், அது எதில் போய் முடிந்தது என்பதும் கூடவே இருக்கட்டும்.

நாலாம்பீரியட்:
ஒரு பிள்ளை, பிறகு ஐந்து பிள்ளைகள் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழு வகுப்பு மட்டும் வேண்டாம். ஐந்து பேரில் கற்காததை முப்பது பேரில் கற்க முடியாது.

கடைசிபெஞ்ச்:
அஞ்சு பேர்ல வராத சிக்கல் முப்பது பேர்ல வருமே சார். நாலு பேர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க, பத்து பேர் கேள்வியையே எழுதியிருக்க மாட்டாங்க. முதல்ல முடிச்சவங்களுக்கு என்ன கொடுக்கறதுங்கறதை அங்க நின்னாத்தான் யோசிப்பாங்க.

நாலாம்பீரியட்:
அப்படியென்றால் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வகுப்பாசிரியர் ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தில் மீள்பார்வையாக இருக்கட்டும். அவர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் எழுந்து வந்து திருத்தக் கூடாது. பிள்ளைகளுக்கும் பயிற்சி மாணவருக்கும் நான்கு வயதாவது வித்தியாசம் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவரை அனுப்பினால் அந்தக் கால் மணியும் அடக்குவதிலேயே போய்விடும்.

கடைசிபெஞ்ச்:
வயசு விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். பின்னால உட்கார்ற ஆசிரியர் கையில அந்த இருக்கைப் படத்தைக் கொடுத்துடுங்க. இப்போ கோடு போடறது அவர் வேலை.