கடலூர் டு பெங்களூரு: டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம், வாசலுக்கு வாசல் ஏழு

போன மாதம் அம்மாவைப் பெங்களூருவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழக்கமாக பஸ்தான். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எட்டு மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். செங்கம் தாண்டுவதற்குள்ளேயே கால் மரத்துப்போகும். அதனால்தான் இந்தத் தடவை புதுச்சேரியிலிருந்து விமானம்.

நேர்கோட்டில் பார்த்தால் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டைக்கும் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கும் நடுவில் சுமார் 265 கிலோமீட்டர்தான். அதற்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம் என்று எனக்கும் தோன்றியது. லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது பத்தாது. 2024 டிசம்பரில் இண்டிகோ சேவை தொடங்கியதும் ஏடிஆர் 72 ரகத்தில்தான். காற்றாடி சுழலும் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். ஏறவும் இறங்கவும் போகிற நேரம், தரையில் உருளும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்டில் போடுகிறார்கள்.

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். நாலைந்து படிதான், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டார். இடப்பக்க ஜன்னல் சீட். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. தரையை விட்டதும் என் கையைத் தட்டி, "டேய், சக்கரத்த உள்ள இழுத்துக்கிச்சுடா!" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், மூடி மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மாலை வெயிலில், சமவெளிக்கு நடுவே ஒற்றை மலை. "அண்ணாமலையாரேதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போகிற பாதையைப் பார்த்தால் திருவண்ணாமலையாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போனவர், மூன்று வருடமாகப் போக முடியவில்லை. மலை பின்னால் மறையும் வரை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து லாஸ்பேட்டைக்கு ஒரு மணி நேரம், அரியாங்குப்பம் நெரிசலையும் சேர்த்து. நிலையத்தில் இரண்டு மணி நேரம். விமானம் ஒன்றேகால். பெட்டி வந்து சேர அரை மணி. அப்புறம் தேவனஹள்ளியிலிருந்து ஜெயநகருக்கு டாக்ஸியில் இரண்டு மணிக்கு மேல், அதில் ஹெப்பாளில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். மொத்தம் ஏழு. காரில் போயிருந்தாலும் அதே ஏழுதான்.

ஆனால் டாக்ஸியைத் தவிர எங்கேயும் அம்மா ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. நடுநடுவே நடந்தார், கழிப்பறைக்குப் போனார், காபி குடித்தார். அக்கா வீட்டுப் படியைத் தானே ஏறினார்.

நீங்கள் போகும் இடம் எலஹங்கா, ஹெப்பாள் பக்கம் என்றால் யோசிக்காமல் விமானத்தில் போங்கள். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி என்றால் பஸ்ஸே நல்லது. ஓசூர் தாண்டியதும் அந்த இடம்தான் முதலில் வரும். விமான நிலையமோ ஊரின் மறுகோடியில் இருக்கிறது.

திரும்பி வரும்போதும் அதே ஜன்னல்தான் வேண்டும் என்கிறார் அம்மா. அப்போது மலை வலப்பக்கம் வரும் என்று சொல்லி, வலப்பக்கச் சீட்டாகப் போட்டிருக்கிறேன்.