செராமா கோழிக்கு ஊட்டிக் குளிரில் பல்பு வேண்டுமா?

தலைக்குந்தாவாசி:
மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. என்னிடம் ஒரு ஜோடி செராமாவும் சில சில்க்கி இனக் கோழிகளும் இருக்கின்றன. செராமா சேவல் அரைக் கிலோகூட இல்லை. பெட்டை வேறு இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிறது. கொட்டகையில் 100 வாட் குண்டு பல்பு போடலாமா?

கூண்டுக்காரன்:
வேண்டவே வேண்டாம். கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால், இடையில் நிற்கும் காற்றே அதற்குக் கம்பளி. கொண்டை நுனி கறுத்துப்போவதற்குக் குளிரோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. காலையில் கொட்டகைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

குன்னூர் அக்கா:
நாட்டுக்கோழிக் கணக்கைக் குட்டிக் கோழியின் தலையில் கட்டாதீர்கள். செராமா மலேசியாவின் கிளந்தானில் உருவான இனம்; உறைபனியை அது எங்கே கண்டது? உடல் சிறுத்தால், எடையோடு ஒப்பிட தோல்பரப்பு கூடும், சூடும் சீக்கிரம் போகும். சில்க்கி இறகில் இழைகளைப் பிணைக்கும் கொக்கிகள் இல்லை. நனைந்தால் பஞ்சாக ஒட்டிக்கொள்ளும்.

கூண்டுக்காரன்:
உடலளவு பற்றிச் சொன்னது சரி. அதற்கு பல்புதான் மருந்தா? கீழே காய்ந்த உமி, சுற்றிலும் சாக்கு, மேலே தளர்ந்த ஹோல்டர். கொட்டகை எரிய வேறென்ன வேண்டும்? நள்ளிரவில் மின்சாரம் போனால், சூட்டுக்குப் பழகிய கோழி ஒரே அடியில் விறைத்துவிடும்.

குன்னூர் அக்கா:
குண்டு பல்பு போடச் சொன்னது யார், அண்ணா? வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் கிடைக்கிறது. கம்பிவலைக் கூடு போட்டு, சங்கிலியில் தொங்கவிட்டு, ஒரு மூலைக்கு மட்டும் சூடு கொடுக்கலாம். வேண்டாத கோழி தள்ளிப் போய்க்கொள்ளும்.

பண்ணைத்தம்பி:
குஞ்சுகள் என்றால் இந்த வாதமே கிடையாது, சூடு வேண்டும். முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் பெட்டியில், 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். பல்படியில் குவிந்தால் குளிர்கிறது. அலகைத் திறந்தபடி விலகி நின்றால் சூடு அதிகம்.

தலைக்குந்தாவாசி:
சுவரில் தண்ணீர் வழிகிறது. குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடியிருந்தேன். கோழிகள் உட்காருவது இரும்புக் குழாயில்.

கூண்டுக்காரன்:
பிறகு ஏன் நடுங்காது? கூரையை ஒட்டி ஒரு சாண் திறந்துவிடுங்கள். ஈரக்காற்று மேலே போகட்டும், கீழே கோழிமேல் காற்று அடிக்கக் கூடாது. குழாயை எடுத்துவிட்டு அகலமான ரீப்பர் கட்டையைத் தட்டையாக அடியுங்கள். நெஞ்சு இறகு விரல்களை மூடிக்கொள்ளும். அடையும் முன் ஒரு பிடி மக்காச்சோளக் குருணை. உமி நனைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

குன்னூர் அக்கா:
இதெல்லாம் செய்யட்டும், மறுக்கவில்லை. ஆனால் இறகு உதிர்க்கும் அந்தப் பெட்டைக்குப் புது இறகு முளைக்கும்வரை சூடு வேண்டும்.

கூண்டுக்காரன்:
அதை ஜோடியோடு வீட்டுக்குள் பெட்டியில் வைக்கட்டும். கொட்டகைக்குள் ஒயர் போகக் கூடாது என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

குன்னூர் அக்கா:
நான் வீட்டுக்குள் கோழி வளர்க்கமாட்டேன். ஹீட்டர்தான்.