இரண்டும் 8ஏ, பீட்டும் சேர்கிறது; ஆனால் சுருதி ஏன் சேரவில்லை?

கேள்வி:
வணக்கம். கேமலாட் சக்கரத்தைப் (ஒத்துப்போகும் கீகளை, அதாவது சுருதி அமைப்புகளை, 1ஏ, 1பி என்று எண்ணிட்டு அடுத்தடுத்துக் காட்டும் வட்டம்) பார்த்து, ஹவுஸ் என்ற நடன இசை டிராக்குகளை டிஜேக்கள் போலக் கலந்து பழகி வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டிராக் 126 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்), அடுத்து வருவது 122. இரண்டுக்கும் மென்பொருள் 8ஏ, அதாவது ஏ மைனர் என்றே காட்டுகிறது. இரண்டாவதை 126க்கு ஏற்றியதும் கிக் டிரம் அடிகள் பிசகாமல் ஒன்றாக விழுகின்றன. ஆனால் புதிய டிராக்கின் பேட் ஒலி (நீண்டு ஒலிக்கும் பின்னணிச் சுரங்கள்) உள்ளே வந்தவுடன், பழைய டிராக்கின் பேஸ் லைனோடு (தாழ்ந்த சுரங்களின் வரி) ஒட்டாமல் காதை உறுத்துகிறது. கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) போட்டால் கிக் மழுங்குவதாகத் தோன்றுவதால் அதை நான் பயன்படுத்துவதில்லை. தவறு கீ கணிப்பிலா, வேகத்திலா?

பதில் 1:
பெரும்பாலும் வேகத்தில்தான். கீ லாக் இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு ஓர் அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) என்பது கணக்கு. 122ஐ 126 ஆக்குவது 3.3 சதவீத ஏற்றம் என்பதால், உங்கள் டிராக் அரைச்சுரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டி, ஏ மைனருக்கும் பி ஃபிளாட் மைனருக்கும் நடுவில் நிற்கிறது. சக்கரத்தில் அப்படியோர் இடமே கிடையாது. முழு 6 சதவீதம் ஏற்றியிருந்தால்கூட அது 3ஏ (பி ஃபிளாட் மைனர்) என்ற ஒழுங்கான கீயில் போய் அமர்ந்திருக்கும். கீ லாக்கைப் போட்டுவிடுங்கள். 3 சதவீத மாற்றத்துக்கு இன்றைய மென்பொருள்களில் கிக் அவ்வளவாகக் கெடுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கீ லாக் இல்லாமலே, ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றி, இரண்டையும் 124இல் சந்திக்க வைத்தால் வித்தியாசம் குறையாதா?

பதில் 1:
குறையாது. ஒன்று கீழே இறங்க, மற்றது மேலே ஏற, இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கும். சுருதி வித்தியாசத்தைத் தீர்மானிப்பது இரண்டு வேகங்களுக்கும் இடையிலான விகிதம்; எந்த வேகத்தில் சந்திக்கிறார்கள் என்பதல்ல.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் கீ கணிப்பையும் முழுதாக நம்ப வேண்டாம். ஏ மைனரை சி மேஜர் என்று மென்பொருள் குழப்பிக்கொண்டால் பாதகமில்லை, அது 8பி, பக்கத்து வீடுதான். ஏ மேஜரை ஏ மைனர் என்று காட்டினால்தான் வம்பு, ஏனெனில் அதன் உண்மையான இடம் 11பி. ஹவுஸில் பேஸ் லைன் பல நேரம் ஒன்றிரண்டு சுரங்களிலேயே சுற்றி வருவதாலும், மேஜரா மைனரா என்று காட்டும் மூன்றாம் சுரம் அதில் இல்லாமலே போவதாலும், மென்பொருள் ஊகிக்க வேண்டியதாகிவிடுகிறது. பிட்ச் ஃபேடரைச் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) சுழியத்தில் வைத்து டிராக்கை ஓடவிட்டு, கீபோர்டில் ஏ மைனரின் மூன்றாம் சுரமான சி, ஏ மேஜரின் மூன்றாம் சுரமான சி ஷார்ப் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். எது டிராக்கோடு கரைகிறதோ, அதுவே விடை. இரண்டுமே உறுத்தாவிட்டால், அந்த டிராக்கை ஏ மைனர், ஏ மேஜர் இரண்டோடும் கலந்து பார்க்கலாம். என்னைக் கேட்டால், 32 பார் வெறும் டிரம்ஸாக ஓடும் முகப்பு இருக்கும்போது கீயைப் பற்றி இவ்வளவு கவலையே தேவையில்லை.

பதில் 3:
வழக்கமான வினைல் தட்டில் கீ லாக் என்பதே இல்லை. ஆகவே அங்கே வேகத்தையும் சுருதியையும் ஒன்றாகவே எண்ணித் தேர்வு செய்கிறோம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2வின் ஃபேடர் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம் வரை போகும் என்பதால் ஓர் அரைச்சுரம் தாராளமாகக் கைக்குள் அடங்கும். உங்கள் 126 பிபிஎம் டிராக்குக்கு 119 பிபிஎம்மில் ஜி ஷார்ப் மைனரில், அதாவது 1ஏவில் ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள். 119ஐ 126 ஆக்கும்போது அது கிட்டத்தட்டச் சரியாக ஓர் அரைச்சுரம் ஏறி ஏ மைனரில் வந்து நிற்கும். பாடகர் குரல் உள்ள டிராக்கில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அவ்வளவு ஏற்றத்தில் குரல் கீச்சென்று ஒலிக்கும்.