பிரின்ஸின் பி-சைடு வட்டு: 7:24 எங்கே?

ஊசிமுனை:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "பிரின்ஸோட பி-சைடு எல்லாம் 1993 தொகுப்புல முழுசா இருக்கு, பழைய தட்டைத் தேடி அலையறவன் பைத்தியக்காரன்." வணக்கம், நான்தான் அந்தப் பைத்தியம். புதுசா வர்றவங்களுக்கு: பிரின்ஸ் அமெரிக்கப் பாடகர்; பி-சைடுன்னா ஒரு பாட்டுக்காக விக்கற சிங்கிள் தட்டோட பின்பக்கப் பாட்டு. அவர் சொல்ற தொகுப்பு, 'தி ஹிட்ஸ்/தி பி-சைட்ஸ்' பெட்டி, என் மடியிலதான் இருக்கு. மூணாவது வட்டுல 'எராட்டிக் சிட்டி' நாலு நிமிஷம்கூட ஓடல. 1984ல வந்த பெரிய 12 இன்ச் தட்டுல 7 நிமிஷம் 24 நொடி, 7:24. பாதிப் பாட்டை எலி தின்னுடுச்சா?

ஜன்னல்சீட்டு:
எழுதினது நான். பேர் சொல்லியே திட்டலாம் சார். 'லெட்ஸ் கோ கிரேஸி'யோட சின்ன 7 இன்ச் சிங்கிளைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, அதுலயும் பாட்டு அவ்வளவுதான். கடையில வித்த பி-சைடு அப்படியே வட்டுக்கு வந்திருக்கு. எலி பாவம்.

ஊசிமுனை:
12 இன்ச்சும் கடையிலதான் வித்தாங்க. 7:24.

டபராசெட்:
யாராவது பாட்டைப் பத்திப் பேசுங்களேன். '1999' சிங்கிளுக்குப் பின்பக்கம் 'ஹவ் கம் யூ டோன்ட் கால் மீ எனிமோர்'. ஒரு பியானோ, ஒரு ஆளோட கெஞ்சல், வேற எதுவும் வேண்டியிருக்கல. 2001ல பாடகி அலிசியா கீஸ் பாடின பிறகுதான் நம்ம ஆட்கள் பலருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது.

ஊசிமுனை:
நல்லா இல்லைனு யாரும்மா சொன்னா? எனக்கு அந்தப் பாட்டும் வேணும், இந்தப் பாட்டோட மிச்சமும் வேணும். எராட்டிக் சிட்டியில பாடகி ஷீலா ஈ. கூடப் பாடறாங்க, பிரின்ஸ் தன் குரலையே வேகம் மாத்திப் பதிஞ்சு ஒருத்தரே நாலு பேரா வர்றார். சுருதி ஏறி ஏறி உடம்பு ஆட ஆரம்பிக்கிற நேரத்துல பாட்டை மங்கவெச்சு நிறுத்தினா, பந்தியில பாயசம் ஊத்தறதுக்குள்ள இலையை எடுத்த மாதிரி. ஹிட்ஸ் 1, 2 தனித்தனியா விப்பாங்களாம், பி-சைடு வட்டு மட்டும் தனியா கிடையாதாம். ஏற்கெனவே வீட்டுல இருக்கற 36 பாட்டையும் சேர்த்து வாங்கினேன். அதுக்கு எனக்குக் கிடைச்சது அரைப் பாட்டு.

கேசட்காரன்:
ஊசி அண்ணே, உங்க கட்சிக்கே சொல்றேன். 'கிஸ்' பின்பக்கம் 'லவ் ஆர் மணி' இந்த வட்டுலயே இல்ல. 'மவுண்டன்ஸ்' பின்பக்கம் 'அலெக்ஸா டி பாரிஸ்' இல்ல. ஆனா எந்த சிங்கிளுக்கும் பின்பக்கமா வராத 'பவர் ஃபன்டாஸ்டிக்' இருக்கு. இதை வெச்சு அடிங்க, ஜெயிப்பீங்க. முதல்ல பி-சைடுன்னா என்னன்னு ரெண்டு பேரும்...

ஊசிமுனை:
தம்பி, பேச்சை மாத்தாதே. 7:24.

ஜன்னல்சீட்டு:
7 இன்ச். 7 இன்ச். 7 இன்ச். நானும் சொல்லுவேன். அண்ணன் கடிகாரம் பார்த்துத்தான் பாட்டு கேட்பார் போல. பிரின்ஸோட 'அமெரிக்கா' பாட்டு 12 இன்ச்ல 21:46, அதையும் மடியில வெச்சுக்கோங்க.

ஊசிமுனை:
வெச்சிருக்கேன். ரெண்டு பிரதி.

டபராசெட்:
2017ல வந்த 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தோட டீலக்ஸ் எக்ஸ்பாண்டட் பதிப்புல அந்த நீளமான எராட்டிக் சிட்டி முழுசா இருக்கே. அதைக் கேட்டுட்டுத் தூங்கப் போகலாமே?

ஊசிமுனை:
ஆக, 1993ல இல்லைனு ஒத்துக்கறீங்க. குறிச்சுக்கோங்கப்பா.

டபராசெட்:
நான் எதையும் ஒத்துக்கல. ஆளை விடுங்க.

ஜன்னல்சீட்டு:
24 வருஷம் கழிச்சு வந்ததை வெச்சு 1993ஐத் திட்டறது நல்லாருக்கு. அந்த வருஷம் ஜூன்லதான் ரெக்கார்டு கம்பெனியோட சண்டையில மனுஷன் பேரையே ஒரு குறியீடா மாத்திக்கிட்டார், செப்டம்பர்ல கம்பெனி இந்தப் பெட்டியை இறக்கிச்சு. அந்தச் சண்டைக்கு நடுவுல 20 பாட்டு ஒரே வட்டுல வந்ததே பெரிசு.

கேசட்காரன்:
பெட்டின்னதும் ஞாபகம் வருது. ஊசி அண்ணே, 2012ல என்கிட்ட இரவல் வாங்கின பிரின்ஸோட 'கிரிஸ்டல் பால்' பெட்டி என்னாச்சு? ஒரு வாரம்னு சொன்னீங்க.

ஊசிமுனை:
அதுல ஒரு வட்டு கீறல். கீறலோடதான் குடுத்தே.

கேசட்காரன்:
கீறலே இல்லாம குடுத்தேன்!

ஜன்னல்சீட்டு:
அண்ணே, அந்தப் பெட்டியும் மடியிலதானா?

ஊசிமுனை:
7:24க்கு இன்னும் எவனும் பதில் சொல்லல.