புதுப்பிப்பு: ஃபிளெக்ஸில் ரன்னிங் பேக்கா, ஸ்லாட் ரிசீவரா? முடிவு இதோ

போன வாரம் யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: என்எஃப்எல் ஃபேன்டஸி (நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி எடுக்கும் விளையாட்டு), ஒரு கேட்சுக்கு 1 புள்ளி தரும் லீக். ஃபிளெக்ஸில், அதாவது ரன்னிங் பேக், ரிசீவர் என யாரையும் வைக்கக்கூடிய இடத்தில், ஓட்டத்தைத் தடுக்கத் திணறும் அணியைச் சந்திக்கும் ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவர்) இறக்குவதா, வலுவான டிஃபென்ஸை எதிர்கொள்ளும் ஸ்லாட் ரிசீவரையா (ஓரத்தில் இல்லாமல் உள்பக்கம் நின்று பாஸ் பிடிப்பவர்)?

"மொத்தத் தரவரிசையை விடுங்கள், அந்த டிஃபென்ஸ் ஸ்லாட் ரிசீவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. வெளி ஓரங்களை அடைத்தார்கள், நடுவில் வழி விட்டார்கள். வியாழக்கிழமை ஸ்லாட் ரிசீவருக்கு 7 கேட்ச், 62 யார்டு, 13.2 புள்ளி.

இன்னொருவர் சொன்னதை அரைமனதாகத்தான் செய்தேன்: வியாழக்கிழமை ஆடுபவரை ஃபிளெக்ஸில் வைக்காதே. அதனால் ஸ்லாட் ரிசீவரை ரிசீவர் இடத்திலும், ஞாயிறு ஆடும் ரிசீவரை ஃபிளெக்ஸிலும் வைத்தேன். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வந்த பட்டியலில் அந்த ஞாயிறு ஆள் ஆடவில்லை! பெஞ்சில் வேறு ரிசீவர் இல்லை. ஃபிளெக்ஸ் என்பதால், உட்காரவைத்த அதே ரன்னிங் பேக்கை இறக்க முடிந்தது.

அவர் எடுத்தது வெறும் 31 யார்டு, 3.1 புள்ளி. எதிரணி பலவீனம்தான், ஆனால் இவர் அணி ஆரம்பத்திலேயே பின்தங்கி, அப்புறம் பாஸிலேயே இறங்கிவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை.

ஜெயித்தது 2.4 புள்ளியில். அந்த 3.1 இல்லையென்றால் கதை கந்தல்.