நடமாடும் மருத்துவ வண்டி வீண் செலவு: ஒத்துக்கொள்ளாதவர்கள் வாருங்கள்

கணக்குப்பிள்ளை
நேராகவே சொல்லிவிடுகிறேன். மருத்துவ வசதி எட்டாத ஊர்களுக்கு "பெண்கள் நலன்" என்று எழுதிய வண்டி ஒன்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்காருவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். மாதத்துக்கு இரண்டு தடவை வரும். பி.பி. பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். மீதி இருபத்தெட்டு நாள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு எழுநூறுக்கும் மேல். ரத்தப்போக்கு, நோய்த்தொற்று, உயர் ரத்த அழுத்தம், பிரசவச் சிக்கல், பாதுகாப்பற்ற கருக்கலைப்பு: பெரும்பாலான சாவுகள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். இதில் எதற்கு அந்த வண்டியில் வைத்தியம் இருக்கிறது? குழந்தை பிறந்தபின் ரத்தம் நிற்காவிட்டால் திடமான பெண்கூடச் சில மணி நேரத்தில் போய்விடுவாள். அவளுக்குத் தேவை ரத்தம், அறுவை அரங்கு, மயக்க மருந்து கொடுக்க ஓர் ஆள். இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற மருத்துவமனை. வண்டிகளை விற்றுவிட்டு அதைக் கட்டுங்கள் என்கிறேன்.

தாழ்வாரம்
நீங்கள் விற்கச் சொல்கிற மாதிரி ஒரு வண்டியில் ஆறு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவள் நான். அதனால் எனக்குச் சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரசவச் சாவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற ஒரு கட்டுரை உண்டு, தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதியது. மூன்று தாமதங்கள் என்பார்கள். மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் கவனிப்பு கிடைப்பதில் ஒன்று. உங்கள் மருத்துவமனை மூன்றாவதை மட்டும்தான் தொடுகிறது. வீட்டுக்குள்ளேயே தேங்கி நிற்கிற முதல் தாமதத்துக்கு நீங்கள் என்ன கட்டப்போகிறீர்கள்?

இன்னொன்று. பெண் என்றால் பிரசவம் மட்டுமா? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து டாக்டர் ராணி பங்கும் குழுவினரும் 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகப்பேறியல் அல்லது பாலியல் சார்ந்த நோய் இருந்தது. அதற்கு முன்பு அதற்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் 8 சதவீதம். அந்தப் பெண்கள் யாரும் இரவு இரண்டு மணிக்குச் சாகப் போகிறவர்கள் இல்லை. வலியோடு சமைத்து, வலியோடு தூங்கி, இருபது வருடம் ஓட்டுகிறவர்கள். உங்கள் கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள்?

கணக்குப்பிள்ளை
நல்ல உதாரணம் எடுத்தீர்கள். நன்றி. அந்த 92 சதவீதத்தைக் கண்டுபிடித்தது மாதம் இரண்டு தடவை வந்துபோகும் வண்டியா? பங்க் தம்பதி 1980-களிலிருந்து அங்கேயே குடியிருக்கிறவர்கள். அங்கேயே தங்கியதால்தான் பெண்கள் வாய் திறந்தார்கள். என் கட்சிக்குச் சாட்சியை நீங்களே கூட்டிவந்துவிட்டீர்கள்.

எறும்பு
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இப்போதுதான் எல்லோரிடமும் போன் இருக்கிறதே. வீடியோ காலில் மருத்துவரைப் பார்த்துவிட்டால் வண்டியும் வேண்டாம், பயணமும் வேண்டாம் இல்லையா?

தாழ்வாரம்
எறும்பு, எல்லோரிடமும் போன் இல்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இரண்டும் வேறு. எங்கள் பதிவேட்டில் பெண்கள் கொடுக்கிற எண்ணில் முக்கால்வாசி கணவன் எண், அல்லது மகன் எண். ஒரே அறை உள்ள வீட்டில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வெள்ளைப்படுதலைப் பற்றி ஸ்பீக்கரில் யார் பேசுவார்?

கணக்குப்பிள்ளை, தங்கியிருந்தால் பேசுவார்கள் என்பது பாதி உண்மைதான். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வண்டி இல்லை, வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனை. ஒரு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். கர்ப்பப்பை இறங்கி, உட்கார்ந்தால் வெளியே தட்டுப்படுகிற நிலை. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்து, என்னிடம் சொல்லவே நாலு மாதம் எடுத்துக்கொண்டவர். சீட்டு எழுதும் மேசை வாசலிலேயே இருந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பேர், பாதி ஆண்கள். சீட்டு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல், "என்ன தொந்தரவு?" என்று உரக்கக் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "தலைவலி" என்றார்.

சீட்டில் தலைவலி என்று எழுதியாயிற்று. ஆறு பாராசிட்டமால் கொடுத்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்று, "பரவாயில்ல, தலையும் கொஞ்சம் வலிச்சுது" என்று சிரித்தார். அந்த மருத்துவமனையின் கணக்கில் அன்று ஒரு நோயாளி பார்க்கப்பட்டுவிட்டார். அவருக்குத் தேவையாக இருந்தது கர்ப்பப்பையை உள்ளே தாங்கிப் பிடிக்கும் ஒரு ரப்பர் வளையமும் அதை வைத்துவிடத் தெரிந்த ஒரு நர்ஸும். அறுவைகூட உடனே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஷிப்ட்
பிரசவ வார்டு நர்ஸ், பத்தொன்பது வருடம். இரண்டு பேருமே ஆளுக்கொரு பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

முதலில் கணக்குப்பிள்ளை. கட்டடம் இருந்தால் ரத்தப்போக்கு நிற்கும் என்று நினைக்கிறீர்கள். ரத்தம் எவ்வளவு போனது என்பதே பல நேரம் எங்களுக்குத் தெரியாது. துணி நனைந்திருப்பதைப் பார்த்து, "முந்நூறு மில்லி இருக்கும்" என்போம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு தரையில் இருக்கும். கண் மதிப்பீடு பெரும்பாலும் குறைத்தே சொல்லும், அனுபவசாலிக் கண்ணும் அப்படித்தான். இதைச் சரிசெய்ய வந்தது அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பெண்ணுக்கு அடியில் விரித்துவிட்டால் ரத்தம் ஒரு பையில் இறங்கும். கோட்டைத் தாண்டினால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல், கர்ப்பப்பை மசாஜ், மருந்து, டிரிப் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் இதைச் செய்து பார்த்து 2023-இல் முடிவு வந்தது. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, சாவு இவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. புதிய கட்டடம் எதுவும் கட்டவில்லை.

மருந்தும் அப்படித்தான். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தத்தை நிறுத்தும் ஆக்சிடாசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரன்ட் போய்ப் போய் வரும் இடத்தில் ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மருந்தா தண்ணீரா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதே வேலைக்கான, வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் மருந்தை 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. கட்டடம் கேட்கிறவர்கள் இந்தச் சில்லறைச் சாமானைக் கேட்பதில்லை, திறப்பு விழா வைக்க முடியாதே.

அப்புறம் தாழ்வாரம். வண்டியில் பி.பி. 160-க்கு 110 என்று பார்க்கிறீர்கள். எட்டு மாதக் கர்ப்பம். சீட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு? எங்களிடம் அவர் வந்து சேரும்போது சில சமயம் வலிப்பு ஆரம்பித்திருக்கும். கையில் உங்கள் சீட்டு மடங்கியே இருக்கும், தேதி ஒன்பது நாள் பழையது. அந்த ஒன்பது நாளில் யாராவது ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினீர்களா?

கணக்குப்பிள்ளை
விரிப்பு விஷயம் எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன 80 இடமும் மருத்துவமனைதானே, வண்டி இல்லையே! கட்டடம் போதாது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கட்டடம் வேண்டாம் என்று அதிலிருந்து எப்படி வரும்?

மூன்றாவது ஷிப்ட்
வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே திரும்பப் படியுங்கள்.

தாழ்வாரம்
அந்த ஒன்பது நாள் கேள்வி வலித்தது. பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

கதவைத் தட்ட ஊரிலேயே ஒரு பெண் இருக்கிறார். ஆயிரம் வேலை அவர் தலையில். தடுப்பூசி நாள் சொல்வது, கர்ப்பிணிப் பட்டியல், காசநோய் மருந்து, எல்லாக் கணக்கெடுப்பும். "தன்னார்வலர்" என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லையே. சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் கொடுக்க வேண்டும், செய்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால் போதாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலே சொல்கிறது. ஏழைப் பெண்களின் ஆரோக்கியத்தை வேறு சில ஏழைப் பெண்களின் இனாம் உழைப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கைதட்டல் தாராளமாகக் கிடைக்கிறது.

எறும்பு
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இப்போது பெண்களே மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். அதுவாவது வண்டியில் நடக்குமா?

தாழ்வாரம்
நடக்கும். அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு குழாய், திரை போட்ட ஒரு மூலை போதும். படுக்க வேண்டாம், காலை விரிக்க வேண்டாம், யாரும் தொட வேண்டாம். மருத்துவரிடம் காட்டவே மாட்டேன் என்றவர்கள்கூட இதற்குச் சரி என்றார்கள். 2030-க்குள் 70 சதவீதப் பெண்களை 35 வயதுக்குள் ஒரு முறை, 45-க்குள் இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்ற உலக இலக்கை வேறு எப்படி எட்டுவது?

கணக்குப்பிள்ளை
சோதித்தபிறகு? அதே இலக்கில், நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்றும் ஒரு வரி உண்டு. அதை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள். உனக்குப் புற்றுநோய் வரலாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

தாழ்வாரம்
சொல்லிவிட்டுப் போவதுகூட இல்லை. சொல்லாமலே போயிருக்கிறோம். ஒரு முகாமில் முடிவுகள் வர ஏழு வாரம் ஆனது. வந்தபோது, நோய்க்கிருமி இருந்தவர்களில் சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலைக்காக ஊர் மாறியிருந்தார்கள். ஓர் எண்ணுக்கு அழைத்தால் ஓர் ஆண் எடுத்தார், "என்ன விஷயம், என்னிடம் சொல்லுங்கள்" என்றார். சொல்லக் கூடாது, வைத்துவிட்டேன். அந்தப் பெயர் இன்னும் பதிவேட்டில் பென்சில் வட்டத்தோடு இருக்கிறது.

இது பொதுவில் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். சரி, எழுதியாயிற்று.

மூன்றாவது ஷிப்ட்
இதற்கு வழி இல்லாமல் இல்லை. அன்றைக்கே பார்த்து அன்றைக்கே சிகிச்சை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, 2007-இல் லான்செட்டில் வந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் வினிகர் அமிலம் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அதே இடத்தில் வாயுவால் புண்ணை உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவைப் பரிசோதனைதான். அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. இப்போது கையில் பிடிக்கிற, பேட்டரியில் ஓடுகிற, சூட்டால் புண்ணை அழிக்கும் வெப்பக் கருவிகள் வந்துவிட்டன, வாயு சிலிண்டர் தூக்க வேண்டாம். எல்லாருக்கும் பொருந்தாது. பெரிய புண், சந்தேகமான புண் என்றால் மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். அங்கேதான் கணக்குப்பிள்ளையின் கட்டடம் வருகிறது.

கணக்குப்பிள்ளை
கடைசியில் வந்ததே, சந்தோஷம்.

சரி, ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. உங்கள் வண்டி அறிக்கையில் "பயனாளிகள்" என்று ஓர் எண் போடுவீர்கள் அல்லவா, அதில் மேல் மருத்துவமனைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எங்காவது இருக்கிறதா?

தாழ்வாரம்
இல்லை. மூன்று தடவை வந்த ஒரே பெண் மூன்று பயனாளி, அது மட்டும் துல்லியமாக இருக்கும்.

இருங்கள். இந்த ஞாயிறு போன மாதச் சீட்டுகளின் அடிக்கட்டையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன்.

தாழ்வாரம்
போய்விட்டு வந்தேன். பாதிக்கும் மேல் போகவே இல்லை. தூரம் என்று சொன்னவர் ஒருவர்தான். குழந்தையை யாரிடம் விடுவது என்றவர்கள் அதிகம். ஒருநாள் கூலி போய்விடும் என்றவர்கள் அடுத்து. ஒருவர் போயிருக்கிறார், ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஏறக்கூடிய முதல் பஸ்ஸே மதியத்துக்குத்தான் அங்கே போய்ச் சேரும். இன்னொருவரிடம், கணவன் கையெழுத்து வேண்டும், கூட்டிவா என்றார்களாம். கருத்தடை வளையத்தை எடுக்கத்தான் போயிருந்தார்.

மூன்றாவது ஷிப்ட்
அதற்குக் கையெழுத்தா? வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவருடைய சம்மதம் போதும். நாங்கள் யாரும் கேட்பதில்லை என்று எழுத வந்தேன், நிறுத்திவிட்டு யோசித்தேன். எங்கள் படிவத்திலும் "கணவர் / பாதுகாவலர்" என்று ஒரு கோடு இருக்கிறது. கோடு இருந்தால் நிரப்பச் சொல்வோம். நாளை அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு மேலே பேசுகிறேன்.

கணக்குப்பிள்ளை
ஓ.பி. நேரத்தையும் கேளுங்கள். வண்டி வேண்டாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை, அது வேறு. ஆனால் மதியத்தோடு மூடுகிற மருத்துவமனைக்காக நான் இவ்வளவு நேரம் வாதாடவில்லை.

எறும்பு
தாழ்வாரம் அக்கா, அந்தத் தலைவலி அம்மா என்ன ஆனார்?

தாழ்வாரம்
அந்த ரப்பர் வளையம் வைத்தாயிற்று, வேறு ஓர் இடத்தில். அங்கே சீட்டு மேசை ஓர் அறைக்குள் இருந்தது, எழுதுகிறவரும் ஒரு பெண். என்ன தொந்தரவு என்று கேட்டதும் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.