ஈயக்குண்டுத் தெரிவு: புதுப்பிப்பு

பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு, தலை அளவு (குண்டின் முன்பக்க விட்டம்) 4.49 மில்லிமீற்றர் உள்ள ஈயக்குண்டு வாங்குவதா, 4.50 வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிச் சுட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு முதலில் நன்றி.

அப்படியே செய்தேன். தாளுக்கு ஐந்து சூடு, ஒவ்வொரு அளவிலும் பத்துத் தாள். என் குழலுக்கு 4.50 தான் சரி. துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ஓரத்துக்கு ஓரம் 7 மில்லிமீற்றருக்குள் நின்றன. மற்றது 9-ஐத் தாண்டியது. பத்துப் புள்ளி வட்டமே 11.5 மில்லிமீற்றர் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. நுவரெலியாப் பனியில், மூடி இறுகாத பழைய டப்பாவில் குண்டுகளின் பின்விளிம்பு முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அவற்றைச் சுட்டால் எந்த அளவானாலும் சிதறல்தான். ஈயம் ஈரத்தில் அப்படித்தான் பூக்கும். அந்தப் பொடி நஞ்சு. தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள், சுட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டேன். புதியதை, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான போத்தலில் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் குண்டுகள் பளபளவென்று இருக்கின்றன.